நடுத்தர அளவுப் பிரச்சினை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மனித குலம் தோன்றிய நாள்தொட்டு அதை ஆட்டிப்படைத்து வருகிற கவலை என்னும் வியாதி, டயர் கடைக்கு மேலே உள்ள மாடியில் இயங்கும் மனநல ஆலோசகர் பயிற்சி மையத்தில் முறைப்படி ஒழிக்கப்பட்டு வருகிறது. ஒழிப்புப் பணி வார நாட்களில் காலை முதல் மாலை வரை நடைபெறும். கவலைப்பட விரும்புவோர் மதிய இடைவேளையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படி ஒரு பலகை அங்கே தொங்கவில்லை. ஆனால் தலைமைப் பயிற்சியாளர் படியேறி வருகிற தோரணையைப் பார்த்தால், இது எப்போதோ அரசிதழில் வெளியாகி, எதிர்ப்பு ஏதுமின்றி நிறைவேறிவிட்டது என்றே யாருக்கும் தோன்றும்.

அவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ஆதாரம் சார். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பார். "சார், மழை வரும் போலிருக்கு, ஜன்னலைச் சாத்திடலாமா?" என்றால், "மழை வரும்கிறது உண்மையா, உங்க எண்ணமா?" என்பார். ஆதாரம் வந்து சேர்வதற்குள் முன்வரிசை நனைந்திருக்கும்.

அவர் கற்றுக்கொடுத்தது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெயர்தான் வாயில் நுழையாதே தவிர, விஷயம் எளியது. மனிதனை வாட்டுவது நடந்த சம்பவம் அல்ல, அதைப் பற்றி அவன் நினைக்கிற நினைப்பு. அந்த நினைப்பைப் பிடித்துக் கூண்டில் ஏற்ற வேண்டும். அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறாய் என்று ஆளைக் கேட்க வேண்டும். அதற்குச் சாதகமாக என்ன ஆதாரம், பாதகமாக என்ன ஆதாரம் என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். கடைசியில் மறுபடி, இப்போது எவ்வளவு நம்புகிறாய் என்று கேட்டால், எண்பது முப்பதாகியிருக்கும். முக்கால்வாசிக் கவலைகள் இந்த விசாரணையில் சாயம் போய்விடும். இந்த வைத்தியத்தைக் கிண்டல் செய்ய நினைப்பவர்களுக்கு உள்ள பெரிய தொந்தரவே, இது நிஜமாக வேலை செய்கிறது என்பதுதான்.

நிபந்தனை ஒன்று உண்டு. சிகிச்சை தருகிறவர் கேள்வி மட்டுமே கேட்கலாம். வாய் தவறிக்கூட அறிவுரை சொல்லக் கூடாது.

இந்த நிபந்தனையில்தான் ரிசப்ஷன் அக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற மாணவி போன தடவை தேர்வில் கோட்டை விட்டாள். அதற்கு முன்பு பல வருஷம் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற மனிதனிடம், "இந்த வலியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. "உள்ளே போய் உட்காருங்க" என்பார்கள். அந்தப் பழக்கம் விடவில்லை. தேர்வில் அவளுக்கு நோயாளியாக உட்கார்ந்தது சக மாணவர் ஜிம் மாஸ்டர். உடம்பை வளர்த்தது போதும் என்று மனங்களை வளர்க்க வந்தவர். ராத்திரி தூக்கம் வருவதில்லை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் வந்து புரட்டுகிறது என்று உருகினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படுக்கப் போறப்ப காப்பி குடிக்காதீங்க" என்றாள். அன்றிலிருந்து அவர் நன்றாகத் தூங்குகிறார். அவள் பெயில்.

இன்று இரண்டாவது முயற்சி. தேறினால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் வேலை காத்திருக்கிறது. தவறினால் மறுபடியும் பல் ஆஸ்பத்திரி. காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். தண்ணீர் குடித்தாள். குடித்த டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரில் மறுபடி குடித்தாள்.

"அண்ணி, ஒரு இடத்துல உட்காருங்களேன். உங்களப் பாத்தா எனக்குக் கிறுகிறுங்குது" என்றான் கொழுந்தன். அவன் வீடியோ எடுப்பவன். சில மாதங்களாக மையத்தில்தான் வேலை. ஆதாரம் சாரின் பாடங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, இருமலையும் தொண்டைக் கனைப்பையும் வெட்டி எறிந்து, பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு எனக்கு நோயாளியே ஆதாரம் சார்தானாம்ப்பா. ரெண்டாம் தடவை வர்றவங்களுக்கு அவரே வந்து உட்காருவாராம். மையத்து வழக்கம்."

"சந்தோஷமா உட்காரச் சொல்லுங்க. இனிமே எங்க உட்காரப் போறாரு."

"என்ன சொல்றே?"

அவன் சட்டைப் பொத்தானைப் போடுவதை நிறுத்தினான். "ஒண்ணுமில்ல அண்ணி."

"டேய்."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா என் பொழப்பு போயிடும்." குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு சாயங்காலம் கடைசிப் பாடம் எடுக்கறோம். அதோட எல்லாப் பாடமும் கைல இருக்கு. அடுத்த மாசத்துலேருந்து வகுப்புல டிவியப் போட்டு விட்டுடுவாங்க. மையத்து இயக்குநர் அம்மாவே என்கிட்ட சொன்னாங்க. 'மனுஷன் லீவு கேப்பாரு, டிவி கேக்காது'ன்னு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கடைசிப் பாடத்த நடத்துவாரா? எடுத்து முடிச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்காங்க. அண்ணி, சத்தியமா வாயத் திறக்காதீங்க."

அவள் டம்ளரைக் கழுவினாள்.

தேர்வு மதியத்துக்கு மேல். பெரிய கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் நினைத்தபோதெல்லாம் உறுமிவிட்டு நின்றது. ரப்பர் வாசனை படியேறி வந்து, பூங்கொத்துப் படம் போட்ட திரைச்சீலைகளில் தங்கியிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் ஓரமாக மேஜை போட்டு உட்கார்ந்தார். கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி, கையில் பேனா, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வைத்திருக்கிற முகம்.

"தேர்வு விதி எல்லாருக்கும் தெரியும்" என்றார் அவர். "கொண்டு வர்ற பிரச்சினை கற்பனையா இருக்கக் கூடாது. நிஜமா இருக்கணும். ஆனா நடுத்தர அளவுல இருக்கணும். செருப்பு கடிக்குதுங்கறது சின்னது. வீட்டுக்காரரோட வாழவே பிடிக்கலைங்கறது ரொம்பப் பெரிசு, அரை மணியில முடியாது. இன்னொண்ணு, இங்க பேசறது எதுவும் இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது. அதுதான் நம்ம தொழிலோட உயிர்நாடி."

எல்லோரும் பக்தியோடு தலையாட்டினார்கள்.

ஆதாரம் சார் எழுந்து வந்து நோயாளி நாற்காலியில் அமர்ந்தார். நோயாளி என்பதற்கு அடையாளமாகத் தோளைக் கொஞ்சம் தொங்கவிட்டுக்கொண்டார். ஆனால் தாடை மட்டும் பயிற்சியாளராகவே நின்றது.

"வணக்கம். இன்னிக்கு எதைப் பத்திப் பேசலாம்னு நினைக்கிறீங்க?" என்று ரிசப்ஷன் அக்கா ஆரம்பித்தாள். குரல் நடுங்காததில் அவளுக்கே ஆச்சரியம்.

"ஒரு எண்ணம் என்னை அரிச்சிட்டிருக்கு" என்றார் சார். "'இந்த மையத்துல என்னைக் கழட்டி விடப் போறாங்க.' இதுதான் எண்ணம். நம்பிக்கை நூத்துக்கு எழுபது."

"சார் என்னா தைரியம் பாத்தியா, சொந்தப் புண்ணையே திறந்து காட்டுறாரு" என்று ஜிம் மாஸ்டர் பக்கத்து நாற்காலியிடம் முணுமுணுத்தார்.

"இதுல ஒரு நெருக்கடியும் இருக்கு" என்று சார் தொடர்ந்தார். "பக்கத்து ஊர்க் கல்லூரியில இதே பாடத்தை நடத்த என்னைக் கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை வகுப்பு ஆரம்பம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லியாகணும். என் எண்ணம் நிஜம்னா, போறதுதான் புத்தி. வெறும் பயம்னா நான் ஏன் போகணும்? இந்த மையம் நான் வளர்த்த பிள்ளை."

ரிசப்ஷன் அக்காவின் தலைக்குள் ஒரு பஞ்சாயத்தே கூடிவிட்டது. எழுபதைக் கீழே இறக்கினால் அவள் பாஸ். இறக்கினால் இந்த மனிதர் கைக்கு வந்த கல்லூரி வேலையை உதறிவிட்டு, இல்லாத வேலையில் தங்குவார். உண்மையைச் சொன்னால் கொழுந்தன் பிழைப்பில் மண். சும்மா இருந்தால் அவளுக்குப் பல் ஆஸ்பத்திரி. வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. அதை இடது காலால் மிதித்து அடக்கினாள். இடது கால் ஆட ஆரம்பித்தது.

கேள்விதானே கேட்கலாம், கேட்போம். கேள்வியாலேயே இந்த ஆளை உண்மை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விடுவோம் என்று முடிவு செய்தாள்.

"இந்த எண்ணத்துக்குச் சாதகமா என்னென்ன ஆதாரம் இருக்கு சார்?"

சார் முகம் மலர்ந்தது. தனக்குப் பிடித்த பலகாரத்தைத் தனக்கே பரிமாறுகிற ஆள் போல. "ஒண்ணு, அடுத்த வகுப்புக்கான கால அட்டவணையைப் பத்தி இயக்குநர் என்கிட்ட இன்னும் பேசல. ரெண்டு, முன்னெல்லாம் என்னப் பாத்தா முறைப்பாங்க, இப்ப சிரிக்கறாங்க. மூணு, போன வாரம் ஒரு தச்சர் வந்து என் வகுப்பறைச் சுவரை அளந்துட்டுப் போனார்."

"சுவரை எதுக்கு அளந்தாரு?"

"அலமாரி போடுவாங்களா இருக்கும்."

"டிவி மாட்டறதுக்கு இருக்குமோ?" என்று கேட்டுவிட்டாள். கேள்விதான். விதிப்படி சரி.

தேர்வாளர் அம்மாள் நிமிர்ந்தார். சார் சிரித்தார். "அது ஜோசியம் பார்த்தல். தவறான சிந்தனை வகையில முதலாவது. நடக்காததை நடந்த மாதிரி பாக்கறது."

"சரி சார். உங்க பாடத்தையெல்லாம் வீடியோ எடுக்கறாங்களே, அது எதுக்குன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா?"

"ஆவணக் காப்பகத்துக்கு."

"யாரு சொன்னா?"

"இயக்குநர் சொன்னாங்க."

"அது உண்மையா, அவங்க சொன்ன சொல் மட்டும்தானா?"

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. இத்தனை கூர்மையான கேள்வியை அந்த நாற்காலியிலிருந்து யாரும் கேட்டதில்லை. தேர்வாளர் அம்மாளின் பேனா ஓடியது. சார் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தில் ரிசப்ஷன் அக்கா முருகா, பிள்ளையாரே, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள்.

"பாருங்க" என்றார் சார், "இதுதான் மனசோட விளையாட்டு. ஒருத்தர் நல்லது செஞ்சாலும் உள்நோக்கம் தேடுது. அடுத்தவங்க மனசைப் படிக்கறது, தவறான சிந்தனையில ரெண்டாவது. ஒரு நிறுவனம் ஒருத்தர் குரலையும் முகத்தையும் காலத்துக்கும் காப்பாத்தி வைக்குதுன்னா என்ன அர்த்தம்? அவரை மதிக்குதுன்னு அர்த்தம். கழட்டி விடப்போற ஆளுக்கு யாராவது புல்லாங்குழல் வாசிப்பாங்களா? நம்பிக்கை இப்ப நாற்பது."

அவள் நெற்றியில் வேர்த்தது. தான் மேலே தள்ளத் தள்ள ஆள் கீழே வழுக்குகிறார். இவரிடம் ஆதாரத்தைக் காட்டுவது, வக்கீலிடம் திருடனைக் காட்டுவது போலிருந்தது. பார்த்த மாத்திரத்தில் ஜாமீன் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

"அவங்க சிரிக்கறாங்கன்னு சொன்னீங்களே. உங்க முகத்தப் பாத்தா சிரிக்கறாங்களா, நீங்க திரும்பினப்புறமும் சிரிக்கறாங்களா?"

"திரும்பினப்புறம் எனக்கெப்படித் தெரியும்? தெரியாததைக் கெட்டதாக் கற்பனை பண்ணிக்கறது மூணாவது. முப்பது."

கீழே இயந்திரம் உறுமியது. அவளுக்குள்ளேயும் ஏதோ காற்றழுத்தம் ஏறிக்கொண்டே போனது. பல் ஆஸ்பத்திரி மேஜை கண்முன் வந்தது. வந்தால் வரட்டும் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு நினைக்கவில்லை.

"சார், அந்தக் கல்லூரி வேலைய ஒத்துக்கோங்க."

இயந்திரம் நின்றது.

"யோசிக்காதீங்க. இப்பவே போன் போட்டு வரேன்னு சொல்லுங்க. இங்க உங்களுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. உங்களை அனுப்பத்தான் போறாங்க. உங்க எண்ணம் நூத்துக்கு நூறு சரி."

அறிவுரை. அதுவும் அப்பட்டமான, வெட்டவெளிச்சமான அறிவுரை. ஜிம் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ரிசப்ஷன் அக்காவும் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தீர்ப்புக்காகத் தேர்வாளர் அம்மாளைப் பார்த்தாள்.

பாஸ்போர்ட் முகத்தில் ஒரு கோடு அசைந்தது. அது புன்னகை.

"அபாரம்!" என்று கத்தினார் ஆதாரம் சார். தொங்கிய தோள்கள் துள்ளி எழுந்தன. "எல்லாரும் கவனிச்சீங்களா? எதிர்ப்பக்கம் வாதாடற உத்தி! நோயாளியோட பயத்தைச் சிகிச்சையாளரே எடுத்துக்கிட்டு, முழு வேகத்துல அவர் மேலயே வீசறது. அப்ப நோயாளி என்ன பண்ணுவார்? எதிர்த்து வாதாடுவார். தன் வாயாலயே தன் பயத்தைத் தோற்கடிப்பார். நான் இதை இன்னும் பாடம்கூட நடத்தல. தானாக் கண்டுபிடிச்சிருக்காங்க!"

"சார், இல்ல, நான் நிஜமாவே..."

"விடாதீங்க, விடாதீங்க, அப்படியே இன்னும் அழுத்துங்க!"

"சார், தயவுசெஞ்சு சொல்றேன், போயிடுங்க."

"போக மாட்டேன்!" என்று சார் எழுந்து நின்றார். "ஏன் போகணும்? இந்த மையம் முதல்ல ரெண்டு பெஞ்சும் ஒரு கரும்பலகையுமா இருந்தப்ப நான்தான் இருந்தேன். கண்ணுல தண்ணியோட வந்து, போறப்ப சிரிச்சுட்டுப் போனவங்க எத்தனை பேர்! இயக்குநருக்கு நான் தேவை. இந்தப் பிள்ளைங்களுக்கு நான் தேவை." குரல் தழுதழுத்தது. அது மட்டும் நடிப்பல்ல என்பது ரிசப்ஷன் அக்காவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளைக் குத்தியது. "நம்பிக்கை இப்ப அஞ்சு. அதுகூட மரியாதைக்காக வச்சிருக்கேன்."

கைதட்டல். ஜிம் மாஸ்டர் விசில் அடித்தார்.

"எண்ணம் மாறினா மட்டும் போதாது" என்றார் சார், சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தபடி. "செயல்ல காட்டணும்."

"சார், அத வீட்டுப் பாடமா வச்சுக்கலாமே. நாளைக்கு..."

ஆனால் அவர் எண்ணை அழுத்திவிட்டார். கல்லூரி முதல்வரிடம், தன்னைத் தேடி வந்த வாய்ப்புக்கு நன்றி என்றும், தன் இடம் இதுதான் என்றும், ஒரு மனிதன் பயத்தின் பேரில் முடிவெடுக்கக் கூடாது என்றும், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மறுமுனையில் முதல்வர், திங்கட்கிழமைக்கு நான் யாரைத் தேடுவேன் என்று புலம்பியதும் கேட்டது. சார் அவருக்கும் ஆறுதல் சொன்னார்.

தேர்வாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "மதிப்பெண் கூட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவேளை" என்று சொல்லிவிட்டுக் கைப்பையோடு பால்கனிப் பக்கம் போனார்.

சார் தேநீருக்காகப் படியிறங்கினார். ரிசப்ஷன் அக்கா விரட்டிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில், படிகள் திரும்புகிற இடத்தில், டயர்களை அடுக்கி வைத்திருந்த மூலையில் அவரை மடக்கினாள்.

"சார், அது உத்தி இல்ல."

"அடக்கம் வேணாம்மா. அபூர்வமான திறமை அது."

"சார், உங்க வீடியோவ எடுக்கறவன் என் கொழுந்தன். இன்னிக்குக் கடைசிப் பாடம் எடுத்ததும் உங்கள நிறுத்திட்டு டிவி வைக்கப் போறாங்க. இயக்குநர் அம்மா அவன்கிட்ட சொன்னது. அவன் பேர வெளிய சொல்லிடாதீங்க, அவன் பொழப்பு."

அவர் புன்னகை உடனே போகவில்லை. குடியிருந்தவர் காலி செய்த பிறகும் எரிகிற விளக்கு போலக் கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது. பிறகு அவர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப அது தவறான எண்ணம் இல்ல."

"இல்ல சார்."

"எழுபதுதான் சரி."

"நூறு சார்."

"நானே குறைச்சுட்டேன்." கைகளைப் பார்த்துக்கொண்டார். "எண்ணம் உண்மையா இருந்தா என்ன செய்யணும்னு நம்ம பாடத்துல இருக்கும்மா. இருக்கு. அப்ப விசாரணை கூடாது, காரியத்தைப் பாக்கணும். அதுதான் கடைசிப் பாடம். சாயங்காலம் எடுக்கறதா இருந்தேன்."

"இப்பவே எடுங்க சார். போன் பண்ணுங்க. மனசு மாறிட்டேன்னு சொல்லுங்க. இதுல வெக்கம் என்ன இருக்கு?"

அவர் கைபேசியை எடுத்தார். விரல் தவறித் தவறி அழுத்தியது. அவளே வாங்கி, கடைசியாகக் கூப்பிட்ட எண்ணை அழுத்திக் கொடுத்தாள். ரொம்ப நேரம் பேச்சில் இருக்கிறார் என்றே வந்தது. அவள் படியில் நாலு எட்டு ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். நாலாம் தடவை மணி அடித்தது.

"சார்! சொல்லுங்க சார்!" முதல்வரின் குரல் இப்போது குதூகலமாக இருந்தது.

"வந்து... அந்த இடம்... நான் கொஞ்சம் யோசிச்சுப் பாத்தேன்..."

"அடடா, அதைப் பத்தி நீங்க இனிமே கவலையே படாதீங்க சார். நீங்க வச்சதும் கையப் பிசைஞ்சுட்டு உட்கார்ந்திருந்தேன். உடனே நமக்குத் தெரிஞ்ச ஒரு மேடம் கூப்பிட்டு, இடம் காலியாமே, நான் வரேனேன்னாங்க. பேசி முடிச்சாச்சு. உங்க மையத்துக்குத்தான் இன்னிக்குத் தேர்வாளரா வந்திருக்காங்களாம். எவ்வளவு சௌகரியமாப் போச்சு பாருங்க!"

மாடியில் தேர்வாளர் அம்மாள் பால்கனியிலிருந்து உள்ளே வந்து மதிப்பெண்களைக் கூட்டினார்.

ரிசப்ஷன் அக்கா வகுப்பில் முதலாவதாகத் தேறினாள்.